ஒரே சாவியா, ஊருக்கொரு சாவியா? 'கூகுள் மூலம் தொடர்க' பட்டனை அழுத்தும் முன் கொஞ்சம் யோசிங்க!

வீராம்பட்டினத்தில் இருந்து சித்தப்பா பேசினார். அவர் போனில் இருந்து இல்லை, சித்தியின் பட்டன் போனில் இருந்து.

"ஏம்மா, நீதான் பத்திரிகையில இருக்கியே... கூகுள் கம்பெனியில யாரையாச்சும் தெரியுமா? ஒரு வார்த்தை சொன்னா தேவலாம்."

விஷயம் இதுதான். கரைக்கு வந்த படகில் இருந்து இறங்கும்போது, சட்டைப் பையில் இருந்த ஸ்மார்ட்போன் தண்ணீருக்குள் போய்விட்டது. போன் போனதில் அவருக்குப் பெரிய வருத்தம் இல்லை. அது பழைய போன்தான். அதே நம்பருக்கு டூப்ளிகேட் சிம் வாங்கி, வேறு ஒரு போனும் வாங்கியாச்சு. பிரச்னை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. புதுப் போன், "உங்கள் கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு என்ன?" என்று கேட்டது. சித்தப்பாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

ஏன்னா, அந்த ஜிமெயில் கணக்கை அவர் திறக்கவே இல்லை. பல வருஷம் முன்னாடி முதல் ஸ்மார்ட்போன் வாங்கியபோது, கடையில் இருந்த பையன் திறந்து கொடுத்தது. பாஸ்வேர்டையும் அவனே வைத்தான். கணக்கோடு இணைத்த மொபைல் நம்பர், சித்தப்பா அப்போது வைத்திருந்த நம்பர். ஆஃபர் நல்லா இருக்கு என்று சிம்மை மாற்றி நாலு வருஷம் ஆகிறது. ஓ.டி.பி இன்னும் அந்தப் பழைய நம்பருக்குத்தான் போகிறது. அந்த நம்பர் இப்போது யார் கையில் இருக்கிறதோ!

வாட்ஸ்அப் திரும்ப வந்தது. ஆனால் பழைய சாட் எதுவும் வரவில்லை. அதன் பேக்கப் அந்த ஜிமெயிலுக்குள் இருக்கிறது. ஆடித் தேர்த் திருவிழா போட்டோக்கள், பேரன் முதல் முறை நடந்த வீடியோ எல்லாம் அதற்குள்தான்.

அதைவிடப் பெரிய அடி தங்கச்சிக்கு. காலேஜ் முதல் வருஷம் படிக்கிறாள். அந்த வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன்தான். விடியற்காலையில் அப்பா கையில், சாயங்காலம் மகள் கையில். அவள் வரைந்த போஸ்டர்கள், டிசைன்கள் எல்லாம் ஒரு டிசைன் ஆப்பில் இருந்தன. அந்த ஆப்பில் அவள் நுழைந்தது 'கூகுள் மூலம் தொடர்க' என்ற ஒற்றை பட்டனை அழுத்தி. தனியாகப் பாஸ்வேர்டு கிடையாது. வெள்ளிக்கிழமைக்குள் அந்த டிசைன்களை அனுப்பினால்தான் ஒரு இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்க முடியும். போன் கடலுக்குள் போனது செவ்வாய்க்கிழமை.

"அக்கா, எல்லாத்துக்கும் தனித்தனியா பாஸ்வேர்டு வெச்சிருந்தா இந்தத் தொல்லை இல்லைல்ல?" என்று கேட்டாள்.

பதில் 'ஆமாம்' என்றுதான் வாயில் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவ்வளவு சுலபமான கேள்வி இல்லை அது.

லாக்-இன் கேட்காத லவுட் ஸ்பீக்கர்

வீராம்பட்டினத்துக்கு இணையம் புதுசு இல்லை. இந்தியாவின் பல நகரங்களில் பிரவுசிங் சென்டர் எட்டிப் பார்க்காத காலத்திலேயே அந்த ஊரில் இணையத்தின் பலன் இருந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்திலும் ஒரு மையம் வந்தது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இருந்து அலை உயரம் பற்றிய கணிப்பை எடுத்து, கடற்கரையில் கம்பங்களில் கட்டிய லவுட் ஸ்பீக்கரில் தமிழில் சொல்வார்கள். வலை பின்னிக்கொண்டே கேட்டுவிட்டு, கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள் மீனவர்கள்.

ஊருக்கே ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்பீக்கர். 'நீங்க யாரு?' என்று அது யாரையும் கேட்டதில்லை. இன்றைக்கு ஆளுக்கொரு போன், போனுக்கு அம்பது ஆப். ஒவ்வொரு ஆப்பும் முதலில் கேட்பது அந்தக் கேள்வியைத்தான். 'நான்தான்' என்று நிரூபிக்க நமக்கு இரண்டு வழி. ஒவ்வொரு ஆப்புக்கும் தனிப் பாஸ்வேர்டு வைக்கலாம். இல்லை, கூகுள், ஃபேஸ்புக், ஆப்பிள் மாதிரி ஒரு பெரிய கையை நமக்காகச் சாட்சி சொல்ல வைக்கலாம்.

அந்த பட்டன் என்னதான் செய்கிறது?

நிறைய பேர் நினைப்பது, 'கூகுள் மூலம் தொடர்க' என்று அழுத்தினால் நம்ம ஜிமெயில் பாஸ்வேர்டு அந்த ஆப்புக்குப் போய்விடும் என்று. போகாது.

மீனவர் கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பது தெரியும்தானே? வெளியூரில் ஒருவர் நம்மை நம்ப வேண்டும் என்றால், 'இவர் எங்க ஊர்க்காரர்தான்' என்று பஞ்சாயத்தார் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பது மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். நம்ம வீட்டுச் சாவியைக் கேட்கவில்லை. சீட்டு மட்டும்தான் போகிறது. அந்தச் சீட்டுக்கு டெக் மொழியில் 'டோக்கன்' என்று பெயர். வழக்கமாக அதில் இருப்பது நம் பெயர், இமெயில் முகவரி, ப்ரொஃபைல் போட்டோ. சில ஆப்கள் இதற்கு மேலும் கேட்கும். கான்டாக்ட்ஸ், காலண்டர், டிரைவ் ஃபைல்கள் என்று. அதைப் படிக்காமல் 'அனுமதி' என்று தட்டுவது நம்ம பழக்கம்.

தனிப் பாஸ்வேர்டு என்றால் சாட்சி யாரும் தேவையில்லை. ஆனால் நம்ம சாவியின் அச்சு ஒன்று அந்த ஆப் நிறுவனத்தின் சர்வரிலும் இருக்கும். அந்த நிறுவனம் அதை எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. சின்ன நிறுவனம்தான் கோட்டை விடும் என்றும் சொல்ல முடியாது. பல கோடிப் பயனாளர்களின் பாஸ்வேர்டுகள், ஊழியர்கள் படிக்கக்கூடிய எழுத்துவடிவிலேயே தன் உள் சர்வர்களில் கிடந்ததை 2019 மார்ச்சில் ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது.

ஜொமேட்டோ சொல்லிக்கொடுத்த இரண்டு பாடங்கள்

இந்த விவாதத்துக்கு நம்ம நாட்டிலேயே ஒரு சரியான உதாரணம் இருக்கிறது. 2017 மே 18. ஜொமேட்டோ ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சுமார் 1.7 கோடிப் பயனாளர்களின் விவரங்கள் திருடப்பட்டுவிட்டன. பெயர், இமெயில், மாற்றெழுத்தாக்கிச் சேமித்த பாஸ்வேர்டுகள். கார்டு விவரங்கள் வேறு இடத்தில் இருந்ததால் தப்பித்தன.

அந்த அறிவிப்பில் இருந்த ஒரு வரியைப் பலர் கவனிக்கவில்லை. ஜொமேட்டோ பயனாளர்களில் 60 சதவிகிதம் பேர் கூகுள் அல்லது ஃபேஸ்புக் மூலம் நுழைபவர்கள். அவர்களுக்கு ஜொமேட்டோவிடம் பாஸ்வேர்டே கிடையாது. இல்லாத ஒன்றை யாரும் திருட முடியாது. மிச்சம் இருந்தவர்களில் 66 லட்சம் பேரின் மாற்றெழுத்துப் பாஸ்வேர்டுகளை, முயன்றால் உடைக்க வாய்ப்பு உண்டு என்று நிறுவனமே பிறகு சொன்னது. முதல் பாடம் இது. சாட்சி சொல்லும் பட்டனை அழுத்தியவர்கள் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார்கள்.

இரண்டாவது பாடம்தான் சுவாரஸ்யம். திருடன் எப்படி உள்ளே வந்தான்? 2015-ல் '000வெப்ஹோஸ்ட்' என்ற இலவச இணையதளச் சேவையில் இருந்து ஏராளமான பாஸ்வேர்டுகள் வெளியே கசிந்தன. அந்தச் சேவையில் ஜொமேட்டோவின் டெவலப்பர் ஒருவருக்கும் சொந்தக் கணக்கு இருந்தது. அவர் அதே இமெயிலையும் அதே பாஸ்வேர்டையும், புரோகிராம்களைச் சேமிக்கும் 'கிட்ஹப்' தளத்திலும் வைத்திருந்தார். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு அப்போது அங்கே கட்டாயம் இல்லை. எங்கேயோ கசிந்த சாவி இங்கே பொருந்தியது. உள்ளே போய் ஜொமேட்டோவின் கோடைப் படித்து, அதில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்து, டேட்டாபேஸ் வரை போய்விட்டான். இதை மறைக்காமல் வெளியே சொன்னதும் ஜொமேட்டோதான். பாதுகாப்பு ஓட்டைகளைக் கண்டுபிடித்துச் சொல்பவர்களுக்குப் பரிசு தரும் திட்டம் தொடங்குவதாக நிறுவனம் சொன்ன பிறகு, அந்த ஹேக்கர் விற்பனைக்கு வைத்த டேட்டாவை எடுத்துவிட்டான்.

கோடு எழுதுவதையே தொழிலாக வைத்திருப்பவரே ஒரே பாஸ்வேர்டை இரண்டு இடத்தில் வைத்தார் என்றால், நாம எம்மாத்திரம்? ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் ஸக்கர்பெர்க்கின் ட்விட்டர், பின்ட்ரஸ்ட் கணக்குகளும் 2016-ல் சிறிது நேரம் ஹேக் ஆயின. 2012-ல் லிங்க்ட்இன்னில் இருந்து கசிந்த பாஸ்வேர்டு வழியாக என்றுதான் ஹேக் செய்தவர்கள் சொன்னார்கள்.

'தனித்தனிப் பாஸ்வேர்டு' என்று நாம் சொல்வது பெரும்பாலும் தனித்தனி இல்லை. ஒரே பாஸ்வேர்டுக்குப் பின்னால் 1, 2, 3 என்று ஒட்டவைத்ததுதான். செல்லப் பெயர், பிறந்த வருஷம், ஒரு '@'. இதைத் திருடர்களும் அறிவார்கள்.

சரி, அப்போ எல்லாத்துக்கும் கூகுளே போதுமா?

அங்கேதான் சித்தப்பாவின் கதை குறுக்கே வருகிறது. எல்லாக் கதவுக்கும் ஒரே சாட்சி என்றால், அந்தச் சாட்சி வாய் திறக்காத நாளில் எல்லாக் கதவும் மூடிக்கொள்ளும்.

சாட்சி வாய் திறக்காமல் போக நாலு வழி உண்டு.

முதலாவது, சாட்சியே ஏமாறுவது. 2018 செப்டம்பர் 28 அன்று, தன் பயனாளர்களின் டோக்கன்கள் திருடப்பட்டதாக ஃபேஸ்புக் அறிவித்தது. 'மற்றவர்கள் பார்வையில் உங்கள் ப்ரொஃபைல் எப்படித் தெரியும்' என்று காட்டும் வசதியில் 2017 ஜூலை முதல் ஓர் ஓட்டை இருந்திருக்கிறது. முதலில் 5 கோடிப் பேர் என்றார்கள், பிறகு சுமார் 3 கோடி என்று திருத்தினார்கள். முன்னெச்சரிக்கையாக 9 கோடிப் பேரை லாக்-அவுட் செய்தார்கள். ஃபேஸ்புக் மூலம் நுழையும் மற்ற ஆப்களுக்குள் திருடர்கள் போனதற்கான அடையாளம் இல்லை என்று நிறுவனம் சொன்னது. ஆனால் போயிருக்க முடியும் என்பதுதான் அன்றைக்கு உலகத்தைப் பயமுறுத்தியது. 2020-ல் ஆப்பிளின் லாக்-இன் பட்டனிலும் ஓர் ஓட்டை. அதைக் கண்டுபிடித்தவர் இந்திய ஆய்வாளர் பாவுக் ஜெயின். ஆப்பிள் அவருக்கு 1 லட்சம் டாலர் பரிசு கொடுத்து, ஓட்டையையும் அடைத்தது.

இரண்டாவது, சாட்சி தூங்கிப்போவது. 2021 அக்டோபர் 4, ஞாபகம் இருக்கா? ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் படுத்துக்கொண்ட ராத்திரி. ஸ்டேட்டஸ் போட முடியவில்லை என்று நாம் புலம்பிக்கொண்டிருந்தோம். ஃபேஸ்புக் பட்டன் வழியாக வேறு ஆப்களுக்குள் போகிறவர்களுக்கு, சம்பந்தமே இல்லாத அந்தக் கதவுகளும் திறக்கவில்லை.

மூன்றாவது, சாட்சி நம்மைக் கைவிடுவது. அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஓர் அப்பா. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று, டாக்டருக்கு அனுப்ப போட்டோ எடுத்தார். கூகுளின் தானியங்கிக் கண்காணிப்பு அதைத் தப்பான படம் என்று எடுத்துக்கொண்டு கணக்கை மூடிவிட்டது. மெயில், போட்டோ, கான்டாக்ட்ஸ் எல்லாம் போச்சு. அவருடைய மொபைல் இணைப்பும் கூகுளுடையது என்பதால் நம்பரும் போச்சு. போலீஸ் விசாரித்து, குற்றம் எதுவும் இல்லை என்று சொன்ன பிறகும் கணக்கு திரும்பவில்லை. 2022 ஆகஸ்ட்டில் நியூயார்க் டைம்ஸ் இதை எழுதியது.

நாலாவது, நாமே சாட்சியை மறந்துபோவது. சித்தப்பா மாதிரி. இரண்டு வருஷம் பயன்படுத்தாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை நீக்கும் கொள்கையை 2023-ல் கூகுள் அறிவித்து, அந்த டிசம்பரில் இருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பத்தாம் வகுப்பில் திறந்து மறந்துபோன ஜிமெயில் வழியாக நீங்கள் எந்தெந்த ஆப்பில் நுழைந்தீர்கள் என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள்.

இதில் காலேஜ் மாணவர்களுக்கு ஒரு தனி ஆபத்து. கல்லூரி கொடுக்கும் இமெயிலை வைத்தே எல்லா ஆப்பிலும் நுழைந்திருப்பார்கள். அந்தக் கணக்கின் உரிமையாளர் நீங்கள் இல்லை, கல்லூரி. படிப்பு முடிந்து அதை மூடினால், அதன் தலையில் தொங்கிக்கொண்டிருந்த கோர்ஸ் சான்றிதழ், புராஜெக்ட், டிசைன் எல்லாம் கூடவே போகும். ஆபீஸ் மெயிலுக்கும் இதே கதைதான்.

சாட்சி சும்மா சொல்லுமா?

இலவசமாகச் சாட்சி சொல்லும் கம்பெனிக்கு என்ன லாபம்? நாம் எந்த ஆப்பில் நுழைகிறோம் என்பது அதற்குத் தெரிந்துபோகிறது. மறுபக்கம், ஆப்புக்கும் நம்மைப் பற்றிக் கொஞ்சம் தெரிகிறது. அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு உதாரணம் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம்.

ஃபேஸ்புக் லாக்-இன் வழியாக ஓர் ஆளுமைப் பரிசோதனை ஆப். இந்தியாவில் அதை இன்ஸ்டால் செய்தவர்கள் 335 பேர்தான். ஆனால் இங்கே பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் 5,62,455 பேர் என்று 2018 ஏப்ரலில் ஃபேஸ்புக் சொன்னது. எப்படி? அந்தக் காலத்து விதிப்படி, ஒருவர் 'அனுமதி' என்று தட்டினால் அவருடைய நண்பர்களின் விவரமும் சேர்ந்து போகும். 335 விரல்கள் தட்டியதற்கு ஐந்தரை லட்சம் பேர் விலை கொடுத்தார்கள். உலகம் முழுக்க அந்தக் கணக்கு 8.7 கோடி.

விதிகள் இப்போது இறுகியிருக்கின்றன. ஆனாலும் 'நீங்கள் எந்த ஹீரோ மாதிரி இருக்கீங்க?' வகையறா ஆப்கள் ஒழியவில்லை. அவற்றுக்குச் சாட்சிச் சீட்டு கொடுப்பது வேண்டாத வேலை.

நம் நாட்டில் இதற்கென்று சட்டமும் வந்துவிட்டது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்ட்டில் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளை நிறைவேற்ற நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம். அதில் நமக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. அனுமதி கொடுப்பது எவ்வளவு சுலபமோ, அதே அளவுக்கு அனுமதியைத் திரும்பப் பெறுவதும் சுலபமாக இருக்க வேண்டும். ஒரே தட்டில் நுழைய முடிகிறது, வெளியே வர ஏழு பக்கம் தேட வேண்டியிருக்கிறது என்ற இன்றைய நிலைமை மாற வேண்டும் என்பது இதன் பொருள். நடைமுறையில் எவ்வளவு மாறும் என்பதைப் பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும்.

1,600 கோடி பாஸ்வேர்டு பீதி

2025 ஜூனில் '1,600 கோடி பாஸ்வேர்டுகள் கசிந்தன' என்ற செய்தி எல்லா ஃபேமிலி குரூப்பிலும் சுற்றியது. கூகுள், ஆப்பிள், ஃபேஸ்புக் எல்லாம் ஹேக் ஆகிவிட்டன என்று பலர் ஃபார்வர்டு செய்தார்கள். உண்மை வேறு. அந்தக் கம்பெனிகளை யாரும் உடைக்கவில்லை. தனித்தனி ஆட்களின் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்து, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை வழித்துக்கொண்டு போகும் திருட்டு மென்பொருள்கள் சேர்த்த குவியல்கள்தான் அதில் பெரும்பங்கு. பழைய கசிவுகளும் கலந்திருந்தன. ஒரே ஆளின் விவரம் பல தடவை வந்திருக்கும். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான 'செர்ட்-இன்'னும் அப்போது பாஸ்வேர்டை மாற்றுங்கள், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை வையுங்கள் என்று அறிவுரை வெளியிட்டது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த வகைத் திருட்டில் பட்டனா, பாஸ்வேர்டா என்ற வித்தியாசமே இல்லை. கிராக் செய்த கேம், இலவச எடிட்டிங் சாஃப்ட்வேர் என்று கண்ட இடத்தில் டவுன்லோடு செய்தால், இரண்டுமே போகும். லாக்-இன் ஆன நிலையைக் காட்டும் 'குக்கி'யையே சில மென்பொருள்கள் திருடிவிடும். அப்போது பாஸ்வேர்டே தேவையில்லை.

'நம்ம ஊர்ல எல்லாம் ஓ.டி.பி தானே, இந்தத் தலைவலியே வேண்டாம்' என்று நினைக்கிறீர்களா? ஓ.டி.பி-யும் ஒரு மூன்றாம் தரப்புச் சாட்சிதான். இங்கே சாட்சி உங்கள் சிம் கம்பெனி. ரீசார்ஜ் செய்யாமல் விட்டு முடங்கிய நம்பரை, குறைந்தது 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுக்கலாம். 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் 'டிராய்' சொன்னது இது. சித்தப்பாவின் பழைய நம்பருக்கு நடந்ததும் இதுவாகத்தான் இருக்கும். நம்பரை மாற்றும்போது பேங்க், ஆதார், ஜிமெயில் மூன்றிலும் மாற்றாமல் விட்டால், உங்கள் வீட்டுச் சாவி வேறொருவர் வாசலில் தொங்குகிறது என்று அர்த்தம்.

அப்போ என்னதான் செய்வது?

'எது பாதுகாப்பு?' என்று மட்டும் கேட்டால் பதில் கிடைக்காது. 'இந்தக் கணக்கு போனால் எனக்கு என்ன போகும்?' என்று கேளுங்கள். அதை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம்.

போனால் வாழ்க்கையே ஆடும் கணக்குகள்: உங்கள் முதன்மை இமெயில், பேங்க், அரசுத் தேர்வு விண்ணப்பத் தளங்கள். இவை ஒவ்வொன்றுக்கும் வேறு எங்கும் பயன்படுத்தாத, நீளமான தனிப் பாஸ்வேர்டு. கூடவே இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு. சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைச் சேர்த்து எழுதினாலே நீளமும் கிடைக்கும், ஞாபகமும் இருக்கும்.

போனால் 'சரி, போகட்டும்' என்று சொல்லும் கணக்குகள்: ஒரு தடவை பார்க்கும் இணையதளம், ரெசிப்பி ஆப், கூப்பன் ஆப். இவற்றுக்குப் பாஸ்வேர்டு வைப்பதைவிட பட்டனே மேல். அந்தச் சின்ன கம்பெனியிடம் உங்கள் சாவியின் அச்சு இருக்காது. ஐபோன் வைத்திருப்பவர்கள், ஆப்பிள் பட்டனில் இருக்கும் 'இமெயிலை மறை' வசதியைப் பயன்படுத்தினால் முகவரியும் போகாது.

நடுவில் இருப்பவை: உங்கள் உழைப்பு சேர்ந்திருக்கும் இடங்கள். டிசைன் ஆப், கோர்ஸ் தளம், எழுதும் தளம். பட்டன் வழியாகவே நுழைந்தாலும், செட்டிங்ஸில் போய் ஒரு பாஸ்வேர்டையும் மாற்று இமெயிலையும் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். பல தளங்களில் முடியும். சாட்சி வராத நாளுக்கு ஒரு பின்வாசல் இது. முக்கியமான ஃபைல்களை அவ்வப்போது டவுன்லோடு செய்து வைப்பது அதைவிட நல்ல பின்வாசல்.

எந்த ஆப்பில் எந்த வழியாக நுழைந்தோம் என்பதை எழுதி வைப்பதும் அவசியம். முதல் தடவை கூகுள், அடுத்த தடவை ஃபேஸ்புக், மூன்றாம் தடவை மொபைல் நம்பர் என்று நுழைந்துவிட்டு, 'என் ஆர்டர் ஹிஸ்டரியைக் காணோமே' என்று தேடாத ஆள் நம்மில் யார்?

இதையெல்லாம் யார் ஞாபகம் வைப்பது என்றால், பாஸ்வேர்டு மேனேஜர் வையுங்கள். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் கூடவே வருகிறது. 'பிட்வார்டன்' மாதிரி இலவசமாகவும் கிடைக்கின்றன. அதுவும் நூறு சதவிகிதம் பத்திரம் இல்லை. 'லாஸ்ட்பாஸ்' நிறுவனத்தில் 2022-ல் பயனாளர்களின் பூட்டிய பெட்டகங்களின் நகலையே எடுத்துக்கொண்டு போனார்கள். பெட்டகத்தைத் திறக்கும் தலைமைப் பாஸ்வேர்டு நீளமாக இருந்தவர்களுக்குத்தான் அதில் பயம் குறைவு. 'எனக்கு ஆப் எல்லாம் சரிப்படாது' என்கிற அம்மா, அப்பாவுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வைத்துப் பூட்டுங்கள். எங்கோ உட்கார்ந்திருக்கும் ஹேக்கர், உங்கள் வீட்டு அலமாரிக்குள் கை விட முடியாது.

இப்போது 'பாஸ்கீ' என்று ஒன்று வந்திருக்கிறது. 2022-ல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து அறிவித்தது. கைரேகை வைத்தாலோ முகத்தைக் காட்டினாலோ கதவு திறக்கும். பாஸ்வேர்டே இல்லை. போலி இணையதளத்தில் அது வேலை செய்யாது என்பது பெரிய பலம். ஆனால் பெரும்பாலும் அந்தச் சாவிகளும் உங்கள் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கோடு சேர்ந்துதான் ஊர் விட்டு ஊர் போகும். சுற்றிச் சுற்றி அந்த ஒரு கணக்கிடமே வந்து நிற்கிறோம்.

அதனால் இன்றைக்கு ராத்திரி பத்து நிமிஷம் ஒதுக்கி, இந்த ஐந்தையும் செய்துவிடுங்கள்:

- கூகுள் கணக்கின் 'பாதுகாப்பு' பகுதியில் மீட்பு நம்பரும் மாற்று இமெயிலும் இப்போது நீங்கள் பயன்படுத்துவதுதானா என்று பாருங்கள்.
- அதே பகுதியில், எந்தெந்த வெளி ஆப்களுக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்ற பட்டியல் இருக்கும். தேவையில்லாததை வெட்டுங்கள். இங்கே வெட்டினால் அந்த ஆப்பில் உங்கள் கணக்கு அழிந்துவிடாது. அதைத் தனியாகப் போய் நீக்க வேண்டும்.
- இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை ஆன் செய்து, அது கொடுக்கும் பேக்கப் கோடுகளைப் பேப்பரில் எழுதி வையுங்கள். போனிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால், போனோடு அதுவும் போகும்.
- 'ஹேவ் ஐ பீன் ப்வோன்டு' தளத்தில் உங்கள் இமெயிலைப் போட்டு, எந்தக் கசிவிலாவது சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். சிக்கியிருந்தால், அந்தப் பாஸ்வேர்டு இருக்கும் எல்லா இடத்திலும் மாற்றுங்கள்.
- போன் தொலைந்தால் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் போனை முடக்கலாம். பணம் போனால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் கணக்கை முடித்த பிறகு அப்பா, அம்மா போனை வாங்கிப் பாருங்கள். 'யார் திறந்து கொடுத்தது? பாஸ்வேர்டு தெரியுமா? எந்த நம்பர்?' என்று இந்த மூன்று கேள்வியைக் கேளுங்கள். கடைப்பையன் திறந்து கொடுத்த ஜிமெயில்கள் இந்த ஊரில் எத்தனையோ இருக்கும்.

வெள்ளிக்கிழமை என்ன ஆச்சு?

கூகுளில் எனக்கு யாரையும் தெரியாது. தெரிந்திருந்தாலும் இதற்கு உதவியிருக்க முடியாது. மீட்புப் பக்கத்தில் இரண்டு நாள் முட்டி மோதினோம். 'நீங்கள்தான் என்று உறுதிப்படுத்த முடியவில்லை' என்பதே பதில்.

வியாழக்கிழமை ராத்திரி சித்திக்குத்தான் ஞாபகம் வந்தது. லாக்டவுன் சமயத்தில் ஆன்லைன் கிளாஸுக்காக வாங்கிய பழைய டேப் ஒன்று, திரை கீறல் விட்டு, பீரோவில் புடவைக்கு அடியில் கிடந்தது. சார்ஜ் போட்டு, வைஃபையில் இணைத்ததும் உயிர் வந்தது. அதில் அந்த ஜிமெயில் இன்னும் லாக்-இன் ஆகியே இருந்தது. புதுப் போனில் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று கொடுத்ததும், டேப்பின் கீறல் திரையில் 'நீங்கள்தானா?' என்று கேட்டது. தங்கச்சி 'ஆம்' என்பதைத் தொட மூன்று தடவை முயற்சி செய்ய வேண்டியிருந்தது. திரை அந்த லட்சணம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிசைன்களை அனுப்பிவிட்டாள். பதில் இன்னும் வரவில்லை.

சித்தப்பா அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கினார். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அடுத்த வரியில் ஜிமெயில், பாஸ்வேர்டு, மீட்பு நம்பர். தங்கச்சிக்கு இப்போது தனி ஜிமெயில், டிசைன் ஆப்பில் தனிப் பாஸ்வேர்டு.

"இவ்ளோ நாளா யாரு வீட்டு சாவியிலம்மா நாங்க குடித்தனம் பண்ணோம்?" என்று கேட்டார் சித்தப்பா. அந்தக் கேள்வியை உங்கள் போனிடமும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.